பதினாறாவது பதிலாளி

நவம்பர் 4, திங்கள்

களத்தில் இறங்கும் முன் நாட்குறிப்பு தொடங்க வேண்டும் என்று வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மாணவர்களுக்குச் சொல்லி வருகிறேன். நான் ஒருமுறையும் தொடங்கியதில்லை. மே மாதம் பணி ஓய்வு. அதற்குள் கடைசி ஆய்வை முடித்தாக வேண்டும் என்பதால் இன்று தொடங்குகிறேன். உணர்ச்சிக்கு இடம் கொடாமல் கண்டதைக் கண்டபடி எழுதுவதாக உத்தேசம்.

நகர முதியவர்களின் வீடுகளில் யார் என்ன வேலை செய்கிறார்கள், துணையை இழந்தவர்கள் மீண்டும் துணை தேட முடிகிறதா என்பதுதான் ஆய்வு. சிங்காநல்லூர் குடியிருப்போர் சங்கக் கூடத்தில் புதன்கிழமைதோறும் கலந்துரையாடல். எழுபதைத் தாண்டிய ஆண்கள் எட்டுப் பேர், பெண்கள் எட்டுப் பேர். இரு பாலும் சமமாக இருந்தே தீர வேண்டும் என்று விதி எழுதியவள் நான்தான். இன்று காலை ஆண்களில் ஒருவர் கழன்றுகொண்டார். மகன் மஸ்கட்டுக்கு அழைத்துப் போகிறானாம். முதல் கூட்டமோ நாளை மறுநாள்.

சமையலறையில் அப்பா தோசை வார்த்துக்கொண்டிருந்தார். பெயர் நாச்சிமுத்து, வயது எண்பத்திரண்டு, மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவர். அம்மா போனதும் பொள்ளாச்சி வீட்டைக் காலி செய்துவிட்டு என்னிடம் வந்தார். ஒன்பது வருடமாக அவரைப் பராமரிக்கும் பொறுப்பு முழுக்க என்னுடையது. முதியோரைப் பராமரிப்பதன் பாரத்தைப் படித்து மட்டுமல்ல, பட்டும் அறிந்தவள் என்று என் புத்தக முன்னுரையில் எழுதியிருக்கிறேன்.

"அப்பா, புதன்கிழமை கூட்டத்துக்கு வாங்க. ஒரு ஆம்பளை குறையுது."

"எனக்கு வேல கெடக்குது அம்மிணி. அன்னைக்குத் தண்ணி வர்ற நாளு. உன்ற சேலைக்கு வேற கஞ்சி போடோணும்."

"சும்மா உக்காந்து கேட்டதுக்குப் பதில் சொன்னாப் போதும்ப்பா."

"கேக்கறது யாரு?"

"நான்தான்."

"அப்ப இங்கயே கேளு. அதுக்கு எதுக்குப் பஸ் ஏறி வாரது?"

ஆய்வு முறையியல் பற்றி விளக்கினேன். மூன்றாவது தோசை வரும்போது ஒப்புக்கொண்டார். கத்தரிக்கோல் எங்கே என்று கேட்டேன். பிரிட்ஜ் மேலே, பாக்ஸுக்குள் என்றார்.

நவம்பர் 6, புதன்

பதினாறு பேரும் வந்தார்கள். சமையல், துணி, தண்ணீர், கடைகண்ணி எல்லாம் உங்கள் வீட்டில் யார் பார்க்கிறார்கள் என்று முதல் கேள்வி. ஆண்கள் வரிசையாக, "எல்லாம் அவதானுங்க, நான் கூடமாட ஒத்தாசை பண்ணுவேன்" என்றார்கள். ஒத்தாசை என்றால் என்ன என்று குடைந்தேன். மனைவி சமைக்கும்போது டி.வி. சத்தத்தைக் குறைத்து வைப்பது வரை அதில் அடங்கியது.

அப்பாவின் முறை வந்தது. "எல்லாமே நாந்தானுங்க" என்றார். பெண்கள் பக்கம் கைதட்டல். பதினாறாவது பதிலாளி தன் பங்கை மிகைப்படுத்துகிறார் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டேன். ஆண்களிடம் பரவலாகக் காணப்படும் போக்குதான் இது.

பெண்களில் லோகநாயகி என்றொருவர். வயது எழுபத்து மூன்று. அரசுப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தவர். கணவர் இறந்து வெகு காலமாகிறது, ஒரே மகன் ஓசூரில். கழுத்தில் இன்னும் விசில் தொங்குகிறது. யாராவது இழுத்து இழுத்துப் பேசினால் ஊதுகிறார். கூட்டத்தை நடத்துவது நானா அவரா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"ஏனுங்க, சேலைக்குக் கஞ்சி போடறது கூடவா நீங்க?" என்று அப்பாவிடம் கேட்டார்.

"ஆமாங்க டீச்சர்."

"மைதாவா, ஜவ்வரிசியா?"

"ஜவ்வரிசிதானுங்க. மைதா போட்டா அட்டை மாதிரி வெறச்சுக்கும்."

தலைப்புக்குத் தொடர்பில்லாத உரையாடல். பதிவிலிருந்து நீக்கிவிட்டேன். எல்லோரும் என் சேலையைப் பார்த்தார்கள்.

நவம்பர் 9, சனி

அப்பா சலூனுக்குப் போய் மீசைக்குச் சாயம் அடித்து வந்திருக்கிறார். கேட்டால் கடைக்காரன் சும்மா அடித்துவிட்டான் என்கிறார்.

நவம்பர் 27, புதன்

அப்பா கூட்டத்துக்கு எங்கள் ஊர்ப் போளியான ஒப்புட்டு செய்து எடுத்து வந்தார். ஆளுக்கு ஒன்று. லோகநாயகி டீச்சருக்கு இரண்டு. எனக்குத் தீர்ந்துவிட்டது.

கூட்டம் முடிந்ததும் எல்லோரும் கிளம்பினார்கள். அப்பாவும் டீச்சரும் மட்டும் சங்கத்தின் கேரம் போர்டை இறக்கி ஆடிக்கொண்டிருந்தார்கள். அப்பா தோற்றார். சிரித்துக்கொண்டே தோற்றார். வீட்டில் என்னிடம் சீட்டாட்டத்தில் ஒருநாளும் அப்படித் தோற்றதில்லை. பதிலாளிகளிடையே ஆரோக்கியமான நல்லிணக்கம் வளர்ந்து வருவதாக அறிக்கையில் எழுதினேன்.

பொருளாதாரத் துறை ஷகிலா கல்லூரியில் எனக்கு இருக்கும் ஒரே சிநேகிதி. அறிக்கையை வாங்கிப் படித்துவிட்டு, "கலா, எங்க பக்கம் நல்லிணக்கத்துக்கு வேற பேரு" என்றாள். பொருளாதாரக்காரர்களுக்கு மனித உறவுகளின் நுட்பம் பிடிபடுவதில்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

அரிசி பருப்பு சாதத்துக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே அப்பா சொன்னார்.

"அம்மிணி, அந்த டீச்சரம்மாவும் நானும் சேந்து இருந்துக்கலாம்னு பேசிட்டோம். நீ என்ன சொல்றே?"

நான் செய்தித்தாளை மடித்தேன். திரும்பவும் விரித்தேன்.

"சேந்துன்னா?"

"கல்யாணம் பண்ணித்தான். அவங்களுக்கு முட்டிவலி, சொந்த ஊட்ட உட்டு வர முடியாது. அதுனால நாந்தான் அங்க போகோணும்."

எண்பத்திரண்டு வயதில் என் தகப்பனார் வீட்டோடு மாப்பிள்ளையாகப் போகிறார். இதில் எந்தத் தவறும் இல்லை. திருமணமானால் பெண்தான் இடம்பெயர வேண்டும் என்பதை எதிர்த்து நானே கட்டுரை எழுதியிருக்கிறேன். ஆனால் ஆய்வு என்று ஒன்று இருக்கிறதே.

"அப்பா, நீங்க ரெண்டு பேரும் என்னோட பதிலாளிங்க. இப்படிப் பண்ணினா என் தரவெல்லாம் கெட்டுப்போயிரும்."

அப்பா கத்தியைக் கீழே வைத்தார். "கெட்டுப்போனா வேற வாங்கிக்க முடியாதா?"

"முடியாதுப்பா."

"அப்ப என்னையக் கணக்குல சேக்காத உட்டுரு."

"உட்டா ஒரு ஆம்பளை குறையும்."

அவர் யோசித்துவிட்டு மறுபடி உரிக்கத் தொடங்கினார். வெங்காயம் உரித்தது அவர், கண்ணில் நீர் வந்தது எனக்கு. நாட்டு வெங்காயத்துக்குக் காரம் அதிகம், கூடம் வரை வரும்.

டிசம்பர் 16, திங்கள்

இன்று மார்கழி முதல் தேதி. மார்கழியில் நல்ல காரியம் பேசக் கூடாது என்று அப்பாவிடம் உறுதியாகச் சொல்லிவிட்டேன். "நீ இதெல்லாம் பாக்க மாட்டயே அம்மிணி" என்றார். மரபுகளின் சமூகப் பயன் குறித்து நான் முன்பு எழுதியவை கொஞ்சம் கடுமையாகத்தான் இருந்துவிட்டன.

டிசம்பர் 21, சனி

பெண்கள் கல்லூரிக் கருத்தரங்கில் என் மைய உரை. வாசலில் பெரிய பேனர்: முதுமையில் துணை தேடும் உரிமை, பேராசிரியர் நா. கலாமணி. ஜூலையிலேயே ஒத்துக்கொண்டது. உரையின் சுருக்கம் ஆகஸ்டில் அச்சாகிவிட்டது. இல்லாவிட்டால் தொண்டைவலி என்று சொல்லியிருப்பேன்.

மேடையேறிப் பார்த்தால் இரண்டாவது வரிசையில் என் பதிலாளிகள். ஒருங்கிணைப்பாளர் மரியாதைக்காக அழைத்தாராம். அப்பாவும் டீச்சரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில். அச்சாகிவிட்டதை மாற்ற முடியாது, வாசித்தேன். "முதியவர்கள் துணை தேடுவதற்குப் பெருந்தடை சட்டமும் அல்ல, ஊரும் அல்ல. பெற்ற பிள்ளைகளின் சௌகரியமே." ஆகஸ்டில் இது நல்ல வாக்கியமாக இருந்தது.

பலத்த கைதட்டல். எல்லோரும் ஓய்ந்த பிறகும் அப்பா தட்டிக்கொண்டிருந்தார். டீச்சர் விசிலைக் கையில் எடுத்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்துத் திரும்ப விட்டுவிட்டார்.

பஸ்ஸில் அப்பா, "ரொம்ப நல்லாப் பேசுனே அம்மிணி. மார்கழி முடியட்டும்" என்றார்.

ஜனவரி 19, ஞாயிறு

மாப்பிள்ளை பார்க்க வந்தார்கள். டீச்சர், மகன் பிரபாகர், மருமகள் மஞ்சுளா. ஓசூரிலிருந்து காரில் வந்து, கையில் பழத்தட்டு, பூ, எல்லாம் முறைப்படி. பெண் பார்க்கும் சடங்கின் அவமானங்களைப் பற்றி நான் ஒரு நூலே எழுதியிருக்கிறேன். அதில் எந்த அத்தியாயத்திலும் என்னுடைய இடம் இல்லை. பெண்ணைப் பெற்றவர் மாதிரி வாசலில் நின்று கும்பிட்டு அழைத்து வந்தேன்.

பஜ்ஜி, கேசரி எல்லாம் அப்பாவே செய்தார். தன்னைப் பார்க்க வருகிறவர்களுக்குத் தானே பலகாரம் சுட்டு, தட்டில் வைத்துக் கொண்டு வந்து கொடுத்துவிட்டு, குனிந்த தலையோடு ஓரமாக உட்கார்ந்தார். வேட்டிக்கும் கஞ்சி போட்டிருந்தார்.

பிரபாகர் என் பக்கம் திரும்பினார். "ஏனுங்கக்கா, அய்யாவுக்குச் சுகர் பிரசர் ஏதாவதுங்களா?"

"சுகர் கொஞ்சம். மாத்திரை போடறார்."

"கோவம் கீவம் வருமுங்களா?"

"மேட்ச் பாக்கும்போது மட்டும்."

"சமைக்கத் தெரியுமுங்களா?" இது மஞ்சுளா.

அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஆய்வாளருக்கு அடக்கம் முக்கியம். மிகையாகச் சொல்லக் கூடாது.

"ஏதோ சுமாரா" என்றேன்.

பிரபாகர் அப்போது நான்காவது பஜ்ஜியில் இருந்தார். டீச்சர் பெரிதாகச் சிரித்துவிட்டார். அப்பாவும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

"உங்க பக்கம் ஏதாவது கேக்கோணும்னா கேளுங்க அம்மிணி" என்றார் டீச்சர்.

மாமியார் வீட்டின் அதிகாரப் படிநிலை, மருமகளின் தன்னாட்சி என்று கேட்க எனக்கு எத்தனையோ கேள்விகள் உண்டு. "எங்கப்பாவ நல்லா வெச்சுக்குவீங்களா?" என்று கேட்டுவிட்டு, கொல்லைப்பக்கம் போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவினேன். மிளகாய் பஜ்ஜி, சரியான காரம்.

ஜனவரி 21, செவ்வாய்

அப்பா டீச்சருக்கு போன் செய்து, இது சரிப்பட்டு வராது என்று சொல்லிவிட்டாராம். என்னிடம் காபி டம்ளரை நீட்டிக்கொண்டே சொன்னார். ஏன் என்று கேட்டேன். "வேண்டாம் அம்மிணி, உடு" என்றார்.

அவர் முடிவு அவருடையது. நான் தடுக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். நிம்மதியாக இருக்கிறது. ஆய்வுக்கு நல்லது.

ஜனவரி 24, வெள்ளி

சாம்பாரில் உப்பு இல்லை. அப்பா சாப்பிட்டு முடிக்கும் வரை அதைக் கவனிக்கவே இல்லை. புதன்கிழமைக் கூட்டத்துக்கும் வரவில்லை. ஏழு ஆண்கள், எட்டுப் பெண்கள்.

நிம்மதியாக இருக்கிறது என்று அன்றைக்கு எழுதியிருந்ததைப் படித்துப் பார்த்தேன். அடிக்கவில்லை, இருக்கட்டும்.

ஜனவரி 27, திங்கள்

டீச்சர் கல்லூரிக்கே வந்துவிட்டார். முட்டிவலியோடு இரண்டு மாடி ஏறி, என் அறையில் மூச்சு வாங்க உட்கார்ந்தார். ஷகிலா தண்ணீர் கொடுத்துவிட்டு, போகாமல் அங்கேயே நின்றாள்.

"உங்கப்பா ஏன் வேண்டாம்னாருன்னு தெரியுங்களா அம்மிணி?"

"தெரியாதுங்க டீச்சர்."

"வயசுப் பொண்ணத் தனியா உட்டுட்டு நான் எப்படி வாரதுங்கறாரு."

எனக்கு ஐம்பத்தொன்பது. ஓய்வூதிய விண்ணப்பம் கொடுத்தாகிவிட்டது. ஷகிலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது.

"நானும் சொன்னேன், அவங்க பெரிய புரொபசரு, அவங்களுக்கு என்னன்னு. 'காப்பி வெக்கத் தெரியாது டீச்சர், தண்ணி என்னைக்கு வருதுன்னு தெரியாது, பசிச்சாக்கூட யாராச்சும் சொன்னாத்தான் தெரியும்'ங்கறாரு."

பொய் என்று சொல்ல வாயெடுத்தேன். தண்ணீர் வரும் நாள் எதுவென்று யோசித்துப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன். பிறகு, அத்தனை எளிதில் விட்டுக்கொடுக்க மனமில்லாமல், "உங்களுக்கு அவர் சமையல் வேணும்னு..." என்று ஆரம்பித்தேன்.

"சமைக்க ஊட்ல ஆள் வருது அம்மிணி. எனக்குக் கேரம் ஆடறதுக்குத்தான் ஆளு வேணும். தோத்தாலும் மொகம் சுளிக்காத ஆளு." தண்ணீர் டம்ளரை மேஜையில் வைத்தார். "சாயங்காலமானா ஊடு என்னமோ மாதிரி ஆயிருதுங்க. உங்களுக்குத் தெரியாததா, நீங்கதான் புஸ்தகமே எழுதியிருக்கறீங்க."

எனக்குத் தெரியாது. எனக்குச் சாயங்காலமானால் வீட்டில் விளக்கெரியும், தாளிக்கும் வாசம் வரும், "வந்துட்டயா அம்மிணி" என்று ஒரு குரல் வரும். வீடு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

ஜனவரி 28, செவ்வாய்

உணர்ச்சிக்கு இடமில்லை என்று முதல் நாளே எழுதினேன். இன்று மட்டும் விதிவிலக்கு.

இருபத்தாறு வயதில் எனக்கு நிச்சயம் செய்ய நாள் குறித்திருந்தார்கள். முதல் நாள் இரவு அப்பாவிடம் போய்க் கல்யாணம் வேண்டாம், படிக்கப் போகிறேன் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லிவிட்டு வந்தார். பெரியப்பா முதல் பங்காளிகள் வரை வந்து கத்தினார்கள். "அவளுக்கு எது தோணுதோ அதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார்.

அவருக்கு ஒன்று தோன்றியபோது நான் தரவு கெட்டுப்போகும் என்றேன்.

பிப்ரவரி 1, சனி

அப்பாவை உடுமலையில் அவர் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பி வைத்தேன். தைப்பூசத்துக்கு முன்னால் ஒரு வாரம் இருந்துவிட்டு வாருங்கள் என்றேன். "நீ?" என்றார். "பாருங்களேன்" என்றேன். பஸ் ஏறும் வரை பால்காரன், கேஸ், மோட்டார் சுவிட்ச் என்று சொல்லிக்கொண்டே வந்தார். தலையாட்டினேன். வீட்டு வேலையில் பெரும் பகுதி கைவேலை அல்ல, நினைவில் வைத்திருக்கும் வேலை என்று நிறுவிய கட்டுரை என்னுடையதுதான். பல இடங்களில் மேற்கோள் காட்டப்படுகிறது.

பிப்ரவரி 2, ஞாயிறு

பில்டரின் மேல் பாதி எது, கீழ்ப் பாதி எது என்பதில் கருத்து வேறுபாடு. வெளியே போய்க் குடித்தேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

தண்ணீர் இன்று வந்ததாம். பக்கத்து வீட்டுக்காரம்மா சாயங்காலம் சொன்னார். சாதம் குழைந்தது, பருப்பு வேகவில்லை. இரண்டும் ஒரே குக்கரில், ஒரே நேரம் வைத்தவை. இது எப்படிச் சாத்தியம் என்று எந்தக் கோட்பாட்டாலும் விளக்க முடியவில்லை.

அப்பா போன் செய்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்றேன். "என்ன சாப்பிட்டே?" என்றார். சாம்பார் சாதம் என்றேன். "அடுப்பத் தொடச்சுட்டியா?" என்றார். தொடச்சுட்டேன் என்றேன். போனை வைத்த பிறகு துடைத்தேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

காபி வந்துவிட்டது. அவசரப்படாமல் டிகாக்ஷன் இறங்கக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். சமையலறை அடுக்குகளை என் வசதிக்கு மாற்றி அடுக்கினேன், நூலகத்தில் புத்தகம் அடுக்குவதுபோல. ரசம் மட்டும் வரவில்லை. அம்மா படுக்கையில் கிடந்தபோது அவள் சொல்லச் சொல்ல அப்பா கற்றுக்கொண்ட ரசம் அது. இணையத்தில் கிடைக்காது.

பிப்ரவரி 9, ஞாயிறு

அப்பா வந்தார். உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தேன். பொரியல், குழம்பு, மோர் எல்லாம் மேஜையில் இருந்தன. தண்ணீர்த் தொட்டியில் தட்டிப் பார்த்தார், நிறைந்திருந்தது.

ஒரு மடக்குக் குடித்தார். "நல்லாருக்குது அம்மிணி" என்றார். இன்னொரு மடக்குக் குடித்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தேன். முகம் விழுந்துவிட்டது. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, நான் ஏற்கெனவே துடைத்திருந்த அடுப்பை இன்னொரு முறை துடைத்தார். எடுக்கப் போன சாமான் எதுவும் பழைய இடத்தில் இல்லை. ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூடினார்.

தூணில் சாய்ந்து நின்று பார்த்தேன். இத்தனை வருடம் யார் யாரைப் பராமரித்தது என்பதில் முன்னுரை எழுதியவள் அவசரப்பட்டுவிட்டாள். ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. அம்மா போன வீட்டில் இந்த மனிதர் காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது. காபி வைக்கத் தெரியாத ஒருத்தி அதற்கு வசதியாக இருந்திருக்கிறாள்.

"ரசம் மட்டும் வரலைங்கப்பா" என்றேன்.

திரும்பினார். "புளி அதிகமாயிருக்கும்."

"என்னமோ, நானும் பாத்துட்டேன். அது எனக்கு வரவே வராது போலருக்குது."

"ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்து வெச்சுத் தாரேன்."

"எங்கிருந்து வந்து?"

மீசையைத் தடவினார். நான் போனை எடுத்து டீச்சர் நம்பரைப் போட்டு அவர் கையில் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டேன்.

மார்ச் 1, சனி

பெண் வீட்டார் கொடுக்கும் சீர் வரதட்சணையின் இன்னொரு முகம் என்று மூன்று கட்டுரை எழுதியிருக்கிறேன். அப்பாவுக்குச் சீர் கட்டினேன். இரும்பு வாணலி, பழைய பில்டர், அவருக்குப் பழகிய தலையணை, ரேடியோ, மாத்திரை டப்பா, ஒரு கிலோ ஜவ்வரிசி. தட்டுகளை அடுக்கிப் பார்த்தபோது ஒற்றைப்படையில் வரவில்லை என்று ஷகிலா சொன்னதால் வெல்லம் ஒரு தட்டு சேர்த்தேன்.

மார்ச் 2, ஞாயிறு

கோயிலில் திருமணம் நடந்தது. பதிலாளிகள் அனைவரும் வந்திருந்தனர். பிரபாகர் என்னை அக்கா என்று நூறு பேருக்கு அறிமுகம் செய்தார். அழவில்லை. கற்பூரப் புகை.

மார்ச் 3, திங்கள்

சாயங்காலம் வீடு என்னமோ மாதிரிதான் ஆகிவிடுகிறது. டீச்சர் சொன்னது சரி.

மார்ச் 6, வியாழன்

அப்பாவின் வாசிக்கும் கண்ணாடி இங்கேயே கிடந்தது. அதை எடுக்க டீச்சர் மட்டும் ஆட்டோவில் வந்தார். அப்பா மின்வாரிய நண்பர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருக்கிறாராம். சாப்பிடச் சொன்னேன். ரசம் வைத்திருந்தேன். நான்கு நாளாக விடாமல் வைத்துப் பார்த்து இன்றைக்குத்தான் அம்மாவின் வாசம் வந்தது. டீச்சர் சாதத்தில் ஊற்றியது போதாமல் டம்ளரில் வாங்கிக் குடித்தார். "அவரு வெக்கறதேதான்" என்றார்.

மார்ச் 9, ஞாயிறு

மறுவீடு. முறைப்படி கல்யாணப் பெண் தாய்வீட்டுக்கு வருவது. இங்கே டீச்சரோடு அப்பா வந்தார், கஞ்சி போட்ட வேட்டியும் கையில் பூப்பழப் பையுமாக. நிறைய நாள் கழித்து வருகிறவர்போல வாசலில் நின்று வீட்டை அண்ணாந்து பார்த்தார். செருப்பைக் கழற்றியதும் நேராகச் சமையலறைக்குள் நுழையப் போனார்.

"ஒறம்பரை வந்தா கூடத்துலதான் உக்காரோணும்ப்பா" என்றேன்.

உட்கார்ந்தார். தன் வீட்டு நாற்காலியில் விருந்தாளியாக உட்கார அவருக்குத் தெரியவில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொடையில் வைத்துக்கொண்டார். நான் காபி கொடுத்தேன். டீச்சருக்குச் சர்க்கரை போட்டு, அவருக்குப் போடாமல். குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். இந்த முறை முகம் விழவில்லை.

"கேரத்துல இன்னும் தோத்துட்டுத்தான் இருக்கறீங்களா?"

"நேத்து ஒரு ஆட்டம் ஜெயிச்சுட்டேன் அம்மிணி. டீச்சருக்குக் கோவம், சாயங்காலம் வரைக்கும் பேசல."

"வெசில் ஊதிட்டுப் பேச்ச நிறுத்துனேன்" என்றார் டீச்சர்.

இலை போடும் நேரம் வந்தது. குழம்பு, கூட்டு, பொரியல், பாயசம் எல்லாம் ஆகிவிட்டது. ரசமும் ஆகியிருந்தது. கரண்டியால் கிளறிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. அதை எடுத்துப் பின்வாசல் கொடியடியில், துணிக்கூடைக்குப் பின்னால் மூடி வைத்துவிட்டு வந்தேன்.

"அப்பா, எல்லாம் ஆச்சு. ரசம் மட்டும்தான்..."

சொல்லி முடிப்பதற்குள் எழுந்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "நாந்தான் சொன்னேன்ல, அது அவ்வளவு சுளுவா வராது" என்று சமையலறைக்குள் போனார். கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். ஒன்பது வருடமாக நான் கவனிக்காமல் விட்ட வெளிச்சம் அது. புளி கரைக்கும் சத்தம் கேட்டது.

டீச்சர் என் பக்கம் சாய்ந்தார். "வியாழக்கெழம நான் ரெண்டு டம்ளர் குடிச்சனே, அது என்ன அம்மிணி?"

"ஃபவுல்னு ஊதீராதீங்க டீச்சர்."

அவர் விசிலைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார். என் கையை ஒருமுறை அழுத்திவிட்டு, டி.வி. பார்ப்பதுபோல நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். டி.வி. ஓடவில்லை.

உள்ளே டப்பாக்கள் திறந்து மூடும் சத்தம். ஒவ்வொன்றாக, கடைசி வரை. பிறகு அப்பாவின் குரல்.

"அம்மிணி, பெருங்காயம் எங்க வெச்சிருக்கறே?"

"ரெண்டாவது அடுக்குலப்பா, சோம்பு டப்பாவுக்குப் பின்னால" என்றேன்.